வாரம் ஒரு நாள் சாப்பிட வேண்டிய மாத்திரை: மருந்துக்கடைத் தவறுகள் எங்கிருந்து வருகின்றன?

முடக்குவாதத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்களின் வீட்டு அலமாரியில் இரண்டு மாத்திரை அட்டைகள் அருகருகே கிடக்கும். ஒன்று மெத்தோட்ரெக்ஸேட், மற்றது ஃபோலிக் ஆசிட். மெத்தோட்ரெக்ஸேட்டை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் விழுங்க வேண்டும். உடம்பில் அது உண்டாக்கும் ஃபோலேட் என்ற வைட்டமின் குறையை ஈடுகட்ட, மற்ற நாள்களில் ஃபோலிக் ஆசிட் என்று பல மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். இரண்டுமே பெரும்பாலும் மஞ்சள் நிறச் சின்ன மாத்திரைகள். இந்தியாவில் இவை விற்கும் பிராண்டு பெயர்களில் இரண்டைப் பாருங்கள்: ஃபோலிட்ராக்ஸ், ஃபோல்வைட். முதலாவதுதான் மெத்தோட்ரெக்ஸேட். பெயரைக் கேட்டால் அதுதான் ஃபோலிக் ஆசிட் என்று யாருக்கும் தோன்றும். இரண்டும் இடம் மாறிப்போனால், வாரத்தில் ஒரு நாள் உள்ளே போக வேண்டிய மருந்து ஆறு நாள் போகும்.

மெத்தோட்ரெக்ஸேட் முதலில் புற்றுநோய்க்கு வந்த மருந்து. செல்கள் பெருகுவதற்குத் தேவையான ஃபோலேட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதே அதன் வேலை. முடக்குவாதத்துக்கும் சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கும் சிறிய அளவில், வாரம் ஒரு முறை கொடுக்கும்போது அது நல்ல மருந்து. பல லட்சம் பேர் அதனால் கை மடக்கி வேலை செய்கிறார்கள். அதையே தினமும் சாப்பிட்டால், உடம்பில் எந்தச் செல்கள் வேகமாகப் பெருகுகின்றனவோ அவை முதலில் சாகும். வாய்க்குள் இருக்கும் தோல், குடலின் உட்படலம், எலும்பு மஜ்ஜை. அதனால்தான் முதல் அறிகுறி வாய்ப்புண். சூட்டினால் வந்தது என்று நினைத்து மோர் குடித்துவிட்டு, அடுத்த மாத்திரையையும் விழுங்குவார்கள். அதற்குள் மஜ்ஜையில் வெள்ளணுக்கள் உருவாவது குறைந்துவிடும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறையும். காய்ச்சல் வரும், ஈறில் ரத்தம் கசியும், சாதாரணத் தொற்றுகூட உயிரை எடுக்கும். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் தளர்ந்த வயதானவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

இங்கிலாந்தில் 2000 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ்ஷையர் பகுதியில் ஒரு நோயாளி இப்படி இறந்தார். அதன்மேல் தனி விசாரணை நடந்தது. பிறகு அந்நாட்டின் நோயாளிகள் பாதுகாப்பு முகமை கணக்கெடுத்துப் பார்த்தபோது, பத்து ஆண்டுகளில் மெத்தோட்ரெக்ஸேட் தவறுகளோடு தொடர்புடைய 25 மரணங்களும் 26 கடும் பாதிப்புகளும் தெரியவந்தன. ஐரோப்பிய மருந்து முகமை 2019-இல் மறுபடி எச்சரித்து, வாரம் ஒரு முறை என்பதை அட்டைப்பெட்டியிலேயே கண்ணில் படும்படி அச்சிடச் சொன்னது. எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து இது. தெரிந்தும் திரும்பத் திரும்ப நடக்கிறது என்றால், அதைக் கவுண்டரில் நிற்கும் ஒருவரின் கவனக்குறைவு என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது.

நம் மருந்துச் சீட்டுகளைப் பாருங்கள். '1-0-1' என்று எழுதியிருப்பார்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளக்கிவிடக்கூடிய நல்ல முறை. மருந்துக்கடையில் மாத்திரை போட்டுத் தரும் சின்னக் காகிதக் கவரிலும் அதே மூன்று கட்டங்கள்தான். காலை, மதியம், இரவு. பேனாவால் டிக் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். இந்த மூன்று கட்டங்களுக்குள் 'புதன்கிழமை மட்டும்' என்பதை எழுத இடமே கிடையாது. தினமும் சாப்பிடும் மருந்துகளுக்காகவே உண்டான முறை இது. மெத்தோட்ரெக்ஸேட் சீட்டில் '0-0-1, வாரம் ஒரு முறை' என்று எழுதியிருந்தாலும், பழகிய கண் '0-0-1' என்பதோடு நின்றுவிடுகிறது. கவரில் இரவுக் கட்டத்தில் டிக் விழுகிறது. மருத்துவர் எழுதியதும் சரி, கடைக்காரர் கொடுத்த மருந்தும் சரி. கையிலிருந்து கைக்குப் போகும்போது கிழமை மட்டும் நடுவில் உதிர்ந்துவிட்டது.

பெயர்க் குழப்பம் இன்னொரு பெரிய வாசல். அமெரிக்காவில் வயிற்றுப்புண்ணுக்கான ஒமெப்ரசோல் முதலில் லோசெக் என்ற பெயரில் வந்தது. சிறுநீர் பிரிக்கும் மருந்தான லாசிக்ஸோடு அது குழம்பியதால் 1990-இல் ப்ரிலோசெக் என்று மாற்றினார்கள். மறதி நோய்க்கான ரெமினில், சர்க்கரை நோய்க்கான அமாரில். இந்த இரண்டும் குழம்பி, சர்க்கரை நோயே இல்லாதவர்களுக்கு அமாரில் போய், ரத்தச் சர்க்கரை இறங்கி, மரணங்களும் பதிவானதால் 2005-இல் ரெமினில் அங்கே ரஸடைன் ஆனது. ஓர் அமெரிக்கக் கம்பெனி விற்பனையில் இருக்கும் மருந்தின் பெயரை மாற்ற எவ்வளவு செலவாகும் என்று நினைத்துப் பாருங்கள். அப்படியும் மாற்றினார்கள் என்றால் காரணம் அவ்வளவு வலுவானது.

இந்தியாவில் இந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று இரண்டு மலேரியா மருந்துகள். மூளையைத் தாக்கும் கடுமையான மலேரியாவுக்குக் கொடுப்பவை. நோய் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் இருப்பது ஆர்ட்டிசுனேட், மற்றதில் மெஃப்ளோக்வின். கெடிலா என்ற பெயரைப் பங்கிட்டுக்கொண்ட இரு கம்பெனிகளுக்கு இடையே நடந்த வழக்கில் 2001-இல் நீதிமன்றம் சொன்னது இன்றைக்கும் படிக்க வேண்டியது. சோப்புக்கும் துணிக்கும் பெயர் ஒத்துப்போவது வேறு, மருந்துக்கு ஒத்துப்போவது வேறு. பல மொழிகள் பேசும் நாட்டில், ஆங்கிலப் பெயரைச் சரியாக உச்சரிக்க முடியாத மக்கள் நிறைந்த நாட்டில், மருந்தின் பெயரை இன்னும் கடுமையான அளவுகோலால் நிறுக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆனாலும் நடைமுறை மெதுவாகத்தான் நகர்ந்தது. தன் பிராண்டு பெயர் சந்தையில் இருக்கும் வேறு பெயரோடு குழம்பாது என்று கம்பெனி உறுதிமொழி தர வேண்டும் என்ற விதி 2019-இல்தான் வந்தது. அதுவும் கம்பெனியே தேடிப் பார்த்துவிட்டுத் தருகிற உறுதிமொழி.

பெயரின் வால் எழுத்துகள் இதைவிடத் தந்திரமானவை. பிரஷருக்கான டெல்மா என்ற பெயரில் வெறும் டெல்மா உண்டு, டெல்மா-எச் உண்டு, டெல்மா-ஏஎம் உண்டு. எச் என்றால் சிறுநீர் பிரிக்கும் மருந்து ஒன்று கூடச் சேர்ந்திருக்கிறது. ஏஎம் என்றால் அம்லோடிபின் என்ற இன்னொரு பிரஷர் மருந்து சேர்ந்திருக்கிறது. காலையில் சாப்பிடுவதற்கு என்று யாராவது நினைத்தால் அவர்மேல் குற்றமில்லை. கிளைகோமெட் என்றால் வெறும் மெட்ஃபார்மின், தனியாகச் சாப்பிட்டால் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்குவது அரிது. கிளைகோமெட்-ஜிபி என்றால் கிளிமெபிரைடும் சேர்ந்தது. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. சீட்டில் இல்லாத அந்த இரண்டெழுத்து கைக்கு வந்துவிட்டால், சாப்பாடு தள்ளிப்போன ஒரு மதியத்தில் பெரியவர் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறி விழுவார். பக்கவாதமோ என்று வீட்டில் பயப்படுவார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எழுந்து உட்காருவார், பிரச்சினை தீர்ந்தது என்று விட்டுவிடுவார்கள். அங்கேதான் இன்னொரு ஆபத்து. இந்த வகை மாத்திரைகள் உடம்பில் நெடுநேரம் இருக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குச் சில மணி நேரத்தில் சர்க்கரை மறுபடியும் இறங்கும். அதனால்தான் ஒரு நாளாவது மருத்துவமனையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறார்கள்.

எண்களின் தவறு பெயர்த் தவறைவிட அமைதியானது. '.5' என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும், '5.0' என்று எழுதினால் 50 ஆகும். பத்து மடங்கு வித்தியாசம் ஒரு பேனாப் புள்ளியில் இருக்கிறது. இன்சுலின் அளவைக் குறிக்க யூனிட் என்பதன் ஆங்கில முதலெழுத்தை மட்டும் ஒட்டி எழுதினால் அது பூஜ்யம்போல் தெரியும், 4 யூனிட் 40 ஆகிவிடும். இன்சுலினில் நமக்கென்று தனியாக ஒரு சிக்கலும் இருக்கிறது. இந்தியாவில் குப்பி இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். பேனா வடிவ ஊசியில் போடுவது 100 யூனிட். ஊசிக்குழலும் இரண்டு வகை. 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால், கோடு சரியாகவே இருக்கும், உள்ளே போவதோ இரண்டரை மடங்கு. மாற்றிப் போட்டால் பாதிக்கும் குறைவாகப் போகும், சர்க்கரை ஏன் குறையவில்லை என்று மருத்துவர் அளவை ஏற்றுவார். இன்சுலினை விற்ற கடை, ஊசியை விற்கும்போது 'எந்த இன்சுலினுக்கு?' என்று கேட்டால் போதும். அந்தக் கேள்வி பல இடங்களில் வருவதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இந்தக் கணக்கு இன்னும் நெருடுகிறது. எட்டு கிலோ எடையுள்ள குழந்தைக்குக் காய்ச்சலுக்கு 120 மி.கி. பாராசிட்டமால் என்று வைத்துக்கொள்வோம். 5 மி.லி.-க்கு 120 மி.கி. உள்ள சிரப்பாக இருந்தால் 5 மி.லி. கொடுக்க வேண்டும். அதே மருந்தின் சொட்டு மருந்துப் புட்டியில் ஒரு மி.லி.-க்கே 100 மி.கி. இருக்கும். அதில் 1.2 மி.லி. போதும். சொட்டு மருந்து சிறிய குழந்தைக்கானது, அதனால் அது வீரியம் குறைந்தது என்றுதான் எல்லோரும் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறு. சிரப் என்று எழுதியிருக்க, கடையில் சொட்டு மருந்து கொடுத்து, வீட்டில் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி., நாலு மடங்குக்கு மேல். ஒரு வேளையோடு நின்றால் தப்பிக்கலாம். நாளுக்கு நாலு வேளை, இரண்டு மூன்று நாள் என்று தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது.

இதையெல்லாம் கவுண்டரில் தடுத்து நிறுத்த வேண்டியவர் யார்? சட்டத்தில் பதில் தெளிவாக இருக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவு, பதிவுபெற்ற மருந்தாளுநர் தவிர வேறு யாரும் மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. மருந்து விதிகளும் அவரது நேரடி மேற்பார்வையில்தான் மருந்து கைமாற வேண்டும் என்கின்றன. 2015-இல் வந்த பார்மசி நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளியிடம் மருந்தைப் பற்றி எடுத்துச் சொல்வதையும் அவருடைய கடமையாகவே எழுதிவைத்தன. ஆனால் சான்றிதழ் ஃபிரேம் போட்டுச் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறெங்கோ இருக்கும் கடைகள் உண்டு. வாடகைக்கு விடும் சான்றிதழ் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். 2022 நவம்பரில் பீகார் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், போலி மருந்தாளுநர்களையும் மருந்தாளுநர் இல்லாத மருத்துவமனைகளையும் விட்டுவைப்பது குடிமக்களின் உயிரோடு விளையாடுவது என்று சொல்லி, மாநில அரசையும் மருந்தாளுநர் கவுன்சிலையும் கண்டித்தது. பதிவுபெறாதவர் மருந்து கொடுத்தால் விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 1,000 ரூபாயாகவே கிடந்தது, 2023-இல்தான் 2 லட்சமாக உயர்ந்தது.

பத்தாம் வகுப்போடு நின்று, அட்டைகளின் நிறத்தையும் அடுக்கு இடத்தையும் வைத்தே நூற்றுக்கணக்கான மருந்துகளை மனப்பாடம் செய்த பையன்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் உழைப்பில்தான் பல கடைகள் ஓடுகின்றன. ஆனால் மெத்தோட்ரெக்ஸேட்டோடு கோட்ரைமாக்சசோல் என்ற சாதாரண ஆன்டிபயாட்டிக் சேர்ந்தால் மஜ்ஜை முடங்கும் என்பது அடுக்கு இடத்தைப் பார்த்துத் தெரிகிற விஷயம் அல்ல. அதற்குப் படிப்பு வேண்டும், சீட்டை முழுதாகப் பார்க்க நேரம் வேண்டும். மாலை ஏழு மணிக்குப் பத்துப் பேர் கையை நீட்டிக்கொண்டு நிற்கும்போது அந்த நேரத்தைத்தான் முதலில் வெட்டுகிறோம். நாமும்தான். 'சீக்கிரம் குடுங்கண்ணே, பஸ்ஸுக்கு நேரமாச்சு' என்று அவசரப்படுத்துவது நாம்தானே.

'அந்தக் கம்பெனி இல்லை, இதுவும் அதேதான்' என்ற வாசகத்தைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டார்கள். மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டிய, சிவப்புக் கோடு போட்ட ஷெட்யூல் எச் மருந்துகளில், உள்ளே இருப்பது ஒரே மருந்தாக இருந்தால்கூட, சீட்டில் எழுதியதற்குப் பதிலாக வேறொன்றைத் தரக் கூடாது என்பது விதி. விலை குறைந்த ஜெனரிக் மருந்து மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு ஜெனரிக் மருந்துகளை வாங்கித் தந்து அதைச் சாதித்துக் காட்டியிருக்கிறது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் அந்த வழியில்தான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கம்பெனி மாறும்போது நிறம் மாறும், வடிவம் மாறும். 'வெள்ளை மாத்திரை காலை, ரோஸ் மாத்திரை ராத்திரி' என்று நினைவில் வைத்திருக்கும் பாட்டி, பழைய ரோஸ் மாத்திரையையும் புதிய மஞ்சள் மாத்திரையையும் இரண்டு வெவ்வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்தே விழுங்குவார். ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் போன்ற மருந்தில் இப்படி இரட்டிப்பானால், சின்னதாகத் தலை இடித்துக்கொண்டது மூளைக்குள் ரத்தக்கசிவாக முடியலாம்.

அட்டையை வெட்டிக் கொடுக்கும் பழக்கமும் இதோடு சேர்ந்தது. கையில் காசு நாலு மாத்திரைக்குத்தான் இருக்கிறது என்றால் நாலுதான் வாங்க முடியும், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கத்தரிக்கோல் போன பிறகு மிஞ்சும் துண்டில் பெயரும் இருக்காது, காலாவதித் தேதியும் இருக்காது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடு கட்டாயம். வெட்டிய துண்டை வைத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? தவறு நடந்தபிறகு மருத்துவமனையில் 'என்ன மாத்திரை?' என்று கேட்டால், வெள்ளித்தாள் துண்டைத்தான் நீட்ட முடிகிறது.

தவறு நடந்தால் அடுத்து என்ன என்பதில் பிரிட்டன் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. 2007-இல் அங்கே ஒரு பெரிய கடையில், மூச்சுத்திணறலுக்காக ப்ரெட்னிசோலோன் எழுதப்பட்ட மூதாட்டிக்கு ப்ரோப்ரனோலோல் போய்விட்டது. பெயரும் நெருக்கம், பெட்டியும் ஒரே மாதிரி. ப்ரோப்ரனோலோல் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடியது. அவர் பிறகு இறந்தார், தவறான மாத்திரையே காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனாலும் மருந்தாளுநருக்கு 2009-இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீட்டில் 300 பவுண்டு அபராதமாகக் குறைந்தது. அந்த வழக்குக்குப் பிறகு மருந்தாளுநர்கள் தவறை வெளியே சொல்லவே அஞ்சினார்கள். சொல்லாத தவறிலிருந்து பக்கத்துக் கடை எதையும் கற்றுக்கொள்ள முடியாது. இதைப் புரிந்துகொண்டு, 2018-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழில்முறையோடு நடந்து, தவறு தெரிந்ததும் நோயாளிக்குத் தெரிவித்த மருந்தாளுநருக்குக் குற்றவழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைத்தது.

இங்கே நிலைமை இரண்டு பக்கமும் மோசம். சான்றிதழை வாடகைக்கு விடுகிறவருக்குப் பயமில்லை. மனசாட்சியோடு வேலை செய்பவருக்கு, தன் தவறைச் சொன்னால் கடையை அடித்து நொறுக்குவார்களோ என்ற பயம். 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையத்திலிருந்து நடக்கிறது. 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நோயாளியே கூப்பிட்டு மருந்தினால் நேர்ந்த பாதிப்பைச் சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் தீங்கில்லா மருந்து என்ற இயக்கத்தைத் தொடங்கியபோது, மருந்துத் தவறுகளால் உலகத்துக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று மதிப்பிட்டது. நம் பக்கத்துக் கடையில் நடந்த தவறு அந்தக் கணக்கில் ஏற வேண்டுமென்றால் யாராவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் பேசித் திட்டிவிட்டு மறப்பதுதான் நடக்கிறது.

கவுண்டரில் நாம் செய்யக்கூடியதில் எது பலன் தரும் என்றால், சீட்டில் உள்ளதைக் கடைக்காரர் படித்துக் காட்டுவதைவிட, எதற்காக இந்த மாத்திரை என்று நாம் ஒவ்வோர் அட்டையையும் காட்டிக் கேட்பது. 'இது மூட்டுவலிக்கா, சத்து மாத்திரையா?' என்று கேட்டால் ஃபோலிட்ராக்ஸும் ஃபோல்வைட்டும் அந்த இடத்திலேயே பிரிந்துவிடும். வழக்கமான மாத்திரையின் நிறம் மாறியிருந்தால் பழைய அட்டையைக் காட்டிக் கேளுங்கள். வாரம் ஒரு முறை மருந்தென்றால் கிழமையைத் தமிழில், பெரிய எழுத்தில், கவரின் மேல் எழுதித் தரச் சொல்லுங்கள். குழந்தை மருந்தென்றால் எத்தனை மி.லி. என்பதோடு எந்த அளவுக் குழல் என்றும் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தவறான மாத்திரை உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால், முதலில் அதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும், கடைக்குச் சண்டைக்கு அல்ல. மெத்தோட்ரெக்ஸேட்டுக்கு ஃபோலினிக் ஆசிட் என்ற முறிமருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது. வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மிச்சமுள்ள அட்டை, காகிதக் கவர், பில், சீட்டு எதையும் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். சண்டையோ வழக்கோ பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதற்கும் இந்தப் பைதான் வேண்டும். போகிற வழியில் அட்டையில் காலியான குழிகளை எண்ணி வையுங்கள். எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்பதுதான் மருத்துவர் முதலில் கேட்கப்போவது.